ஆற்றுக்கு உரிய பங்கு



பிறந்த ஊரை விட்டு வெளிமாநிலம் சென்று வாழும் தமிழர், சென்ற இடத்து ஆற்றின் நீரைப் பருகியே வாழ்கின்றனர். தில்லித் தமிழர்க்கு யமுனையும் கங்கையும் குடிநீர் தருகின்றன. கொல்கத்தாத் தமிழர்க்கு ஊக்ளியும், மும்பைத் தமிழர்க்கு வைதரணாவும் பாட்சாவும் தருகின்றன. பெங்களூர்த் தமிழர்க்கு மட்டும் ஒரு தனி நிலை வாய்த்திருக்கிறது. அவர்தம் பிறந்த நாட்டை நோக்கி ஓடும் காவிரியே, அவர் வந்து சேர்ந்த ஊரின் குழாயிலும் வருகிறது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்கு அந்நீர் ஏற்றப்படுகிறது. 1974ஆம் ஆண்டில் தொடங்கிய இத்திட்டத்தின் ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் தொடங்கி வைக்கப்பட்டது. அதனையும் சேர்த்துக் கணக்கிட்டால், திட்டம் முழுத் திறனில் இயங்கும் நாளில் 222 கோடியே 50 இலட்சம் லிட்டர் நீர் நகருக்கு வந்து சேரும்.

இத்துணை பேர் எடுத்துக்கொள்ளும் ஆற்றில், ஆறு ஆறாகவே ஓடுவதற்கென்று ஒரு பங்கு உண்டா? உண்டெனில் அதனைக் காப்பவர் யார்? காப்பதற்கு ஆகும் செலவை ஏற்பவர் யார்? இன்று இம்மூன்று வினாக்களையே எடுத்துக்கொள்வோம்.

முதல் வினாவுக்கு விடை தீர்ப்பிலேயே இருக்கிறது. 1990இல் அமைக்கப்பட்ட காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5ஆம் நாள் தன் இறுதித் தீர்ப்பை அளித்தது. இரண்டாண்டுக்கு ஓராண்டேனும் எதிர்பார்க்கத்தக்க மொத்த நீர் 740 டி.எம்.சி. என்று மன்றம் கணக்கிட்டது. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. அதில் தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று பகிர்ந்தளித்தது. இவற்றைக் கூட்டினால் 726 ஆகும். எஞ்சிய 14இல் 10 டி.எம்.சி. சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கு என்றும், 4 டி.எம்.சி. தவிர்க்க இயலாது கடலுக்குச் செல்லும் நீர் என்றும் ஒதுக்கப்பட்டது.

மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் நமக்கு, சொற்களை நிறுத்துப் பார்ப்பது தொழில். ஆங்கிலத் தீர்ப்பு, கடலைச் சேரும் நீரைக் குறிக்கத் 'தப்பிச் செல்வது' என்று பொருள்படும் சொல்லை ஆள்கிறது. சிறைக்காவலை மீறி ஓடிய கைதியைப் போல் நீர் அங்கே பேசப்படுகிறது. 'கடலில் வீணாகக் கலந்தது' என்று நாளிதழில் நாம் படிப்பதும் இத்தகைய சொல்லே. ஆறு கடலைச் சேர்வது அதன் இயல்பு. அதனை வீண் என்று சொல்லப் பழகிய நாவுக்கு, ஆற்றின் பங்கு பங்காகவே தோன்றுவதில்லை. ஆதலின் 10 டி.எம்.சி. என்று ஓர் எண்ணை மன்றம் எழுதி வைத்தது சிறிய செயலன்று. மொத்தத்தில் அது நூற்றில் ஒன்றரைப் பங்குக்கும் குறைவுதான். பெங்களூர்க் குடிநீர்த் திட்டம் முழுத் திறனில் ஓராண்டு இயங்கினால் எடுக்கும் நீர் ஏறத்தாழ 28 முக்கால் டி.எம்.சி. அதனோடு ஒப்பிட்டால், ஆறு முழுமைக்கும் ஒதுக்கப்பட்டது ஒரு நகருக்கு ஆவதில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று. எனினும், ஆறும் ஒரு பங்காளி என்று தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

2018 பிப்ரவரி 16ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைத் திருத்தியது. தமிழ்நாட்டின் பங்கில் 14.75 டி.எம்.சி. குறைக்கப்பட்டுக் கர்நாடகத்துக்குச் சேர்க்கப்பட்டது, அதில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீரைக் கருதித் தரப்பட்டது. மாநிலங்களின் பங்குகள் மாறியபோதும் ஆற்றின் 10 டி.எம்.சி. மாறவில்லை.

அந்தப் பத்து எதற்கு? சிவனசமுத்திரத்துக்கும் ஒகேனக்கலுக்கும் இடையே காவிரி பாறைகளினூடே காட்டு வழியாகப் பாய்கிறது. அங்கே திமிலுடைய மஹ்சீர் என்னும் பெருமீன் வாழ்கிறது. காவிரி ஆற்றுத் தொகுதியில் அன்றி உலகில் வேறெங்கும் இயற்கையில் இல்லாத அம்மீன், அற்றுப்போகும் பேரிடரில் உள்ள உயிரினமாக 2018இல் உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கோடையில் மடுக்களை இணைக்கும் ஓட்டம் நின்றுவிட்டால், அவ்வினம் ஆங்காங்கே தேங்கிய குட்டைகளில் சிறைப்படும். ஆற்றங்கரைக் கிணறுகளின் ஊற்றும் இவ்வோட்டத்தைச் சார்ந்ததே. கீழே, கொள்ளிடம் கடலைச் சேரும் இடத்தில் நன்னீர் வந்து தள்ளாவிடின், உப்புநீர் ஆற்று வழியே ஊருக்குள் ஏறும். மீனவர்க்கும் உழவர்க்கும் கால்நடைக்கும் உரிய நீரையே ஆற்றின் பங்கு என்கிறோம். வேறு யாருக்கோ போகும் நீரன்று அது.

இனி இரண்டாம் வினாவுக்கு வருவோம். தீர்ப்பில் எழுதிய பங்கு ஆற்றில் ஓடுகிறதா என்று அறிவது எங்ஙனம்?

கர்நாடகத்திலிருந்து வரும் காவிரி தமிழ்நாட்டு எல்லையைத் தொடும் இடத்தில் பிலிகுண்டுலு என்னும் சிற்றூர் உள்ளது. ஒகேனக்கல் அருவிக்கு மேலே, கிருஷ்ணகிரி மாவட்ட எல்லையில் இருக்கும் இடம் அது. அங்கே மத்திய நீர் ஆணையத்தின் அளவை நிலையம் இயங்குகிறது. ஆண்டுதோறும் அங்கே வந்து சேர வேண்டிய நீர், உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 177.25 டி.எம்.சி. அதில் சுற்றுச்சூழலுக்குரிய 10 டி.எம்.சி.யும் அடங்கும். மாதவாரி அட்டவணையில் ஆகஸ்டுக்கு 45.95 டி.எம்.சி. குறிக்கப்பட்டுள்ளது. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே ஆகிய நான்கு மாதங்களுக்கும் மாதம் 2.5 டி.எம்.சி. மட்டுமே. நான்கையும் கூட்டினால் பத்து. கோடை நான்கு மாதங்களிலும் ஆற்றில் உயிர் தங்குவதற்கான பங்கு இதுவே.

மாதத்துக்கு 2.5 டி.எம்.சி. என்பதை நாள் கணக்காக்கினால், வினாடிக்கு ஏறத்தாழ 1,000 கன அடி ஆகும். அகன்ற ஆற்றில் இது மெல்லிய ஓட்டம். இதனை அளப்பது எளிய வேலையன்று. ஆற்றின் குறுக்கே பல இடங்களில் ஆழம் பார்க்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் நீரோட்டமானியை இறக்கி வேகம் பார்க்க வேண்டும். ஆழம், அகலம், வேகம் மூன்றையும் பெருக்கி ஓட்டத்தைக் கணக்கிட வேண்டும். பல நாள் கணக்கைக் கொண்டு, 'நீர்மட்டம் இவ்வளவு எனில் ஓட்டம் இவ்வளவு' என்று ஒரு வரைகோடு வகுக்க வேண்டும். அதன்பின் நாள்தோறும் மட்டம் பார்த்தால் ஓட்டம் தெரியும். ஆனால் ஒரு பெருவெள்ளம் வந்து மணலைப் புரட்டிவிட்டால் பழைய வரைகோடு பயன்படாது. மறுபடியும் அளந்து திருத்த வேண்டும். வெள்ளக் காலத்தில் மட்டம் பார்ப்பதில் ஒரு விரற்கடை தவறினாலும் கணக்கு பெரிதும் கெடாது. கோடை ஓட்டத்தில் அதே விரற்கடைப் பிழை, ஆற்றின் பங்கில் ஒரு பெரும்பகுதியையே விழுங்கிவிடும். சிறிய ஓட்டத்துக்குத்தான் பெரிய கவனம் வேண்டும்.

இவ்வளவு அக்கறையோடு பிலிகுண்டுலுவில் அளக்கிறார்களே, காரணம் என்ன? இரு மாநிலங்கள் அந்த எண்ணை உற்றுப் பார்க்கின்றன. ஒரு கன அடி குறைந்தாலும் கேட்பதற்கு வழக்கறிஞர் உண்டு, பொறியாளர் உண்டு, அமைச்சர் உண்டு. 2018 ஜூன் முதல் நாள் அறிவிக்கப்பட்ட திட்டத்தின்படி காவிரி நீர் மேலாண்மை ஆணையம் தில்லியிலும், அதன் ஒழுங்காற்றுக் குழு பெங்களூரிலும் அமைந்தன. ஆணையத்தின் செலவில் தமிழ்நாடு 40, கர்நாடகம் 40, கேரளம் 15, புதுச்சேரி 5 விழுக்காடு தருவதென வகுக்கப்பட்டது. கூட்டினால் நூறு. யாருக்குப் பங்கு உண்டோ அவரே செலவும் தருகிறார், முறையான ஏற்பாடுதான். ஆனால் ஐந்தாம் பங்காளியாகிய ஆற்றுக்குக் கருவூலம் இல்லை. தன் பங்கு குறைந்தால் முறையிடுவதற்கு வாயும் இல்லை. மேட்டூர் நீர்த்தேக்கத்துள் வந்து கலந்தபின், அந்தப் பத்து எது, பாசன நீர் எது என்று தனிக் கணக்கு வைத்தாலன்றிப் பிரித்தறிய இயலாது. மாநிலங்களின் பங்கை அளக்கும் கருவியின் நிழலில் ஆற்றின் பங்கு ஒதுங்கி நிற்கிறது.

எவரும் உற்றுப் பார்க்காத ஆறு என்னவாகும் என்பதற்குப் பெங்களூருக்கு அருகிலேயே சான்று உண்டு. நந்தி மலையில் தோன்றிக் கனகபுரத்துக்குத் தெற்கே சங்கமத்தில் காவிரியோடு சேரும் அர்க்காவதியே அது. பெங்களூருக்குக் குழாய்வழிக் குடிநீர் தந்த முதல் ஆறும் இதுவே. 1890களில் எசரகட்டா ஏரியிலிருந்தும், 1930களில் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்திலிருந்தும் நகர் இதன் நீரைப் பெற்றது. பின்னர் நீர்வரத்து ஆண்டுதோறும் குன்றியது. மழை குறைந்ததோ என்று பலரும் எண்ணினர். பெங்களூரில் இயங்கும் 'ஏட்ரி' என்னும் ஆய்வு அறக்கட்டளையைச் சேர்ந்தோர் உள்ளிட்ட அறிஞர்கள் இதனை ஆராய்ந்து 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். மழையின் மாற்றம் இவ்வீழ்ச்சியை விளக்கப் போதாது என்றும், ஆழ்துளைக் கிணறுகளும் யூகலிப்டஸ் தோப்புகளுமே பெருங்காரணமாக இருக்கக்கூடும் என்றும் அவர்கள் கண்டனர். எவரும் அணையிட்டு ஒரே நாளில் அபகரித்ததன்று. பல ஆயிரம் கைகள் சிறிது சிறிதாக எடுத்தது. ஆற்றின் சார்பில் ஒருவர் நின்று ஆண்டுதோறும் அளந்து, 'இவ்வாண்டு இவ்வளவு குறைந்தது' என்று சொல்லியிருந்தால், ஆறு வறண்டபின் காரணம் தேடும் நிலை வந்திராது.

ஆற்றின் சார்பில் நிற்பதற்கு ஆள் வைத்த நாடுகள் உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஆற்றிலிருந்து நீரைத் திருப்பி எடுப்பவர்க்கே உரிமை என்பது பழைய சட்டம். ஆற்றிலேயே ஓடவிடுவதற்கு உரிமை கோர வழியில்லை. 1973இல் அம்மாநிலம் சட்டம் இயற்றி, ஆற்றோட்டத்துக்கான உரிமையை மாநில நீர்ப்பாதுகாப்பு வாரியம் பெறலாம் என்று வகுத்தது. அதனை எதிர்த்த வழக்கில் 1979இல் அம்மாநில உச்ச நீதிமன்றமும் சட்டம் செல்லும் என்றது. இதில் நாம் கருதத்தக்கது சட்டத்தைக் காட்டிலும் அதன்பின் நடந்த வேலையே. வாரியம் அளவைக்காரரை ஆற்றுக்கு அனுப்புகிறது. ஓட்டம் குறைந்தால் முதலில் வறளக்கூடிய ஆழமற்ற இடங்களில் அவர்கள் நாடா பிடித்து ஆழமும் வேகமும் நனைந்த அகலமும் பார்த்து, மீன் வாழ எவ்வளவு வேண்டும் என்று கணக்கிடுகின்றனர். வேறொருவர் தம் நீருரிமையை மாற்றிக்கொள்ள நீர் நீதிமன்றத்தில் விண்ணப்பித்தால், அதனால் ஆற்றின் பங்கு குறையுமா என்று வாரியத்தார் பார்க்கின்றனர். குறையுமெனில் எதிர்த்து நிற்கின்றனர். பொறியாளர்க்கும் வழக்கறிஞர்க்கும் ஆகும் செலவு பொதுப்பணம். ஆஸ்திரேலியா 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால், சுற்றுச்சூழலுக்குரிய நீரைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் ஓர் அதிகாரியையே ஏற்படுத்தியது.

நம் நாட்டிலும் முயற்சி இல்லாமல் இல்லை. யமுனையில் வினாடிக்குக் குறைந்தது 10 கன மீட்டர் ஓட வேண்டும் என்று 1999இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. கங்கைக்கு 2018 அக்டோபரில் அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அதன்படி அரித்துவாரத் தடுப்பணைக்குக் கீழே ஜூன் முதல் செப்டம்பர் வரை வினாடிக்கு 57 கன மீட்டரும், மற்ற மாதங்களில் 36 கன மீட்டரும் விடப்பட வேண்டும். கண்காணிப்பது மத்திய நீர் ஆணையத்தின் பொறுப்பு. அளவைப் பணிக்கும் பணம் ஒதுக்கப்பட்டதுண்டு. 2016இல் மத்திய அமைச்சரவை தேசிய நீரியல் திட்டத்துக்கு ஏறத்தாழ 3,680 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது; பாதி உலக வங்கிக் கடன், பாதி மத்திய அரசின் நிதி. தானே அளந்து உடனுக்குடன் செய்தி அனுப்பும் கருவிகள் அத்தகைய பணத்தால் நிறுவப்படுவன.

எனினும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். திட்டம் என்பது ஒரு நாள் முடியும்; ஆறு முடிவதில்லை. கருவி வாங்கத் திட்டப்பணம் வரும். வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட அளவுகோலை மறுபடி நடவும், வரைகோட்டைத் திருத்தவும், சிறிய ஓட்டத்தைச் சீராக விடத்தக்க மதகை அணையில் பொருத்தவும், பயின்ற பொறியாளரைப் பணியில் நிறுத்தவும் ஆண்டுதோறும் பணம் வேண்டும். அது வற்றாத வருவாயிலிருந்து வர வேண்டும்.

இதனை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். உத்தரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. அவற்றின் காலம் பத்தாம் நூற்றாண்டின் தொடக்கம். ஏரியைப் பாதுகாக்க ஆண்டுதோறும் தெரிந்தெடுத்த மக்கள் குழு அது. ஏரிக்கு வாரியம் வைத்தவர்கள் வெறுங்கையோடு விட்டுவிடவில்லை. ஏரிப்பட்டி என்று நிலம் விட்டனர். அந்நிலத்தின் விளைவு ஏரியின் தூர் வாரவும், கரையை உயர்த்தவும் ஆயிற்று. மதகைத் திறந்து மூடுவோர்க்கும் களத்துமேட்டில் பங்கு அளந்தனர். நீரைக் காப்பவர்க்கு நீரின் விளைவிலிருந்தே ஊதியம் என்பதே அவ்வேற்பாட்டின் உட்பொருள்.

அதே நெறியைப் பெங்களூருக்குப் பொருத்திப் பார்ப்போம். நாளொன்றுக்கு 222 கோடியே 50 இலட்சம் லிட்டர் என்பது 22 இலட்சத்து 25 ஆயிரம் கிலோலிட்டர். நகர் பெறும் ஒவ்வொரு கிலோலிட்டர் நீருக்கும் பத்துக் காசு ஆற்றின் பெயரால் எடுத்து வைத்தால், நாளொன்றுக்கு 2 இலட்சத்து 22 ஆயிரத்து 500 ரூபாய். ஆண்டுக்கு 8 கோடி ரூபாய்க்குமேல். குழாயில் செல்லும் நீர் முழுமைக்கும் கட்டணம் வசூலாவதில்லை என்று கொண்டு, பாதியே வந்ததென வைத்தாலும் 4 கோடி. ஆயிரம் லிட்டருக்குப் பத்துக் காசு எந்தக் குடும்பத்துக்கும் சுமையன்று. காவிரியிலும் அர்க்காவதியிலும் அளவை நிலையங்களைச் செம்மையாக நடத்தவும், ஆற்றின் பங்கைக் கண்காணிக்கும் ஒரு சிறு பொறியாளர் குழுவை நிலையாக வைக்கவும் இது நல்ல தொடக்கமாகும். இது நம் கருத்து. இதனினும் நல்ல வழியை வல்லுநர் காட்டலாம். வருவாயின் மூலம் எதுவாயினும், அது ஆண்டுதோறும் தவறாது வருவதாக இருத்தல் வேண்டும்.

பெங்களூர்த் தமிழர்க்கு இதில் மற்றொரு நலமும் உண்டு. காவிரி என்ற பெயரைக் கேட்டாலே கடைக் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகளை வீட்டுக்குள் அழைத்த நாள்கள் அவர்கள் வாழ்வில் வந்துண்டு. 1991 டிசம்பரையும் 2016 செப்டம்பரையும் அவர்கள் மறக்க இயலாது. அந்நாள்களில் தெருவில் ஓடியது நீரின் அளவைப் பற்றிய வதந்தி. இவ்வளவு வந்தது, இவ்வளவு போயிற்று என்று இரு தரப்பும் ஐயமின்றி ஏற்கும் எண் நாள்தோறும் எல்லார் கண்ணிலும் பட்டால், வதந்திக்கு இடம் சுருங்கும். ஆற்றின் பங்கு என்னும் பேச்சில் கன்னடர், தமிழர் என்ற கட்சி இல்லை. முத்தத்தியில் ஓடும் நீரே ஒகேனக்கலிலும் ஓடுகிறது. மேலே மஹ்சீர் வாழ்ந்தால் கீழே கிணறு ஊறும். வழக்கில் எதிரெதிரே நிற்பவரும் ஆற்றுக்காக ஒரே பக்கம் நிற்கலாம்.

நேயர்களே, நீங்கள் தில்லியில் இருந்தாலும், மும்பையில் இருந்தாலும், பெங்களூரில் இருந்தாலும், குடிக்கும் நீர் எந்த ஆற்றினது என்று முதலில் அறிந்துகொள்ளுங்கள். அந்த ஆற்றுக்கென்று ஒரு பங்கு எழுதப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். எழுதப்பட்டிருந்தால், அதனை அளப்பவர் யார், அவர்க்கு ஊதியம் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். குடியிருப்போர் சங்கக் கூட்டத்திலும், வாக்குக் கேட்டு வருபவரிடத்தும் கேட்கத்தக்க கேள்விகள் இவை. தீர்ப்பில் எழுதிய பத்து, அளக்கக் கருவியும் காக்க ஆளும் இருந்தாலே ஆற்றில் ஓடும். இல்லையேல் அது தாளோடு நிற்கும்.